நாலாவது ஆள்

1

எங்கள் ஊரில் நடப்பதற்குக்கூடத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் என்று நான் இப்போது சொல்வது மயிலாப்பூரை இல்லை. இங்கிலாந்தின் தெற்குக் கரையில், மணலே இல்லாமல் வெறும் கூழாங்கல்லாகக் கிடக்கும் கடற்கரை ஒன்றும், அதற்குப் பின்னால் ஆடு மேயும் மேடுகளும் உள்ள ஒரு சின்ன ஊர். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களை எல்லாம் பெயர் கேட்டு, பிறந்த தேதி கேட்டு உட்கார வைத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன்.

நடைகள் மூன்று வகை. எளிது, நடுத்தரம், கடினம். எளிது என்று போட்டிருந்தால் மேடு ஏற வேண்டாம், வேலி தாண்ட வேண்டாம். குழந்தை வண்டி போகும், சக்கர நாற்காலி போகும். வழியில் பெஞ்சு இருக்கும், முடிவில் டீக்கடை இருக்கும். எல்லா வயதினரும், எந்த உடல்நிலையில் உள்ளவர்களும் வரலாம் என்று கீழே ஒரு வரி அச்சடித்திருப்பார்கள். மாட வீதியில் மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் பூக்கூடைக்கும் தண்ணீர் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கியே நடக்கக் கற்றுக்கொண்டவளுக்கு, நடக்க ஒரு துண்டுப் பிரசுரம் வேண்டும் என்பதே முதலில் சிரிப்பாக இருந்தது.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "பெட்ரோல் போட்டு, கார்ல போயி, நடந்துட்டு, திரும்ப அந்தக் கார் கிட்டயே வந்து நிக்கறதுக்கு எதுக்குப் போகணும்? கார் பக்கத்துலயே நின்னுட்டு வந்துடலாமே" என்பார். அவர் என்று நான் சொல்வது என் கணவர் மோகனை. மண்டவெளிக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் மண்டவெளியிலிருந்து தியாகராய நகர் வரைக்கும் வேலைக்கு நடந்தே போய் வந்தவர். அவருக்கு நடை என்றால் எங்கேயாவது போய்ச் சேருவது. போய்ச் சேராத நடையை அவர் நடையாகவே மதிக்கவில்லை.

ஆனாலும் முட்டி தேய ஆரம்பித்த பிறகு அவர்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முன்னால் ஷூ போட்டுக்கொண்டு நின்றார். குழுவை நடத்தும் மார்கரெட் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அவள் முன்னால் போவாள். எல்லோருக்கும் கடைசியாக மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வருவார். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவர் உங்களைத் தாண்டிப் போக மாட்டார், அதுதான் அவர் வேலை. என் கணவருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம ஊர்ல பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான். இவன் பாரு, வானத்தப் பாத்துக்கிட்டு வர்றான்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் மெதுவாக நடப்பார்.

போன வருஷம் அவர் இறந்துபோனார், அப்படிப்பட்ட ஓர் எளிய நடையில்தான். நான் இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். கால் பாட்டுக்கு நடக்கிறது. எப்படி இருக்கிறாய் என்று மார்கரெட் கேட்டால், கொஞ்ச நாள் முன்பு வரைக்கும், நன்றாக இருக்கிறேன் என்பேன். அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அப்படி இருந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது, வலிக்கவில்லை.

2

அவர் வீட்டில் ஒரு வழக்கம். எங்கேயும் மூன்று பேராகக் கிளம்ப மாட்டார்கள். மூன்று பேராகப் போனால் போகிற காரியம் ஆகாது, யாருக்காவது ஏதாவது ஆகும் என்று ஒரு நினைப்பு. உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். வேறு வழியில்லாமல் மூன்று பேர் போக வேண்டியிருந்தால் கிளம்புகிற இடத்தில் ஒரு கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அது நாலாவது ஆள். திரும்பி வந்ததும் வாசலில் போட்டுவிட வேண்டும், உள்ளே கொண்டுவரக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

என்னைப் பெண் பார்க்க வந்ததே அப்படித்தான். அவர், அவர் அப்பா, அவர் அக்கா, மூன்று பேர். சோபாவில் உட்கார்ந்தவர் சட்டைப் பையில் என்னவோ குத்துகிறது என்று எடுத்து, யோசிக்காமல் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பார்த்தால் ஒரு கருங்கல் சில்லு. எங்கள் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது?"

"நாலாவது ஆளுங்க" என்றார் இவர்.

அப்பா உள்ளே வந்து அம்மாவிடம், "பையன் ஒரு மாதிரி இருக்கான், ஆனா நல்லவனாத் தெரியறான்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். எனக்கு அந்த நம்பிக்கை அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. முப்பது வருஷமாகக் கேலி செய்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே பெண், தாரிணி. அவள் பிறந்ததும் நாங்கள் நிரந்தரமாக மூன்று பேராகிவிட்டோம். கடைக்குப் போனாலும் கல், கடலுக்குப் போனாலும் கல். எங்கள் வீட்டு வாசற்படி ஓரத்தில் ஒரு சின்னக் குவியலே சேர்ந்துவிட்டது. தபால்காரர், தோட்ட வேலைக்கு வாங்கியதா என்று கேட்டார். தாரு அந்தக் கற்களுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து வைப்பாள். நாலாவது ஆள் என்று முழுசாகச் சொல்ல வராத வயசில் அவள் வைத்த பெயர் நாலு மாமா. காரில் ஏறினதும், "நாலு மாமா வந்தாச்சா?" என்று கேட்பாள். அவர் பையைத் தட்டிக் காட்டினால்தான் பெல்ட் போட விடுவாள்.

அவளுக்கு வந்த தமிழ் ஏறக்குறைய அவ்வளவுதான். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், எல்லாம் புரியும். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் சேர்த்தோம். ழகரம் எழுதுகிற இடத்தில் அழுதாள், நீச்சல் வகுப்பும் அதே நேரத்தில் வந்தது, விட்டுவிட்டோம். இன்றைக்கு வரை அவளுக்குத் தமிழில் ஒரு வரி படிக்கத் தெரியாது. அந்தக் குறை எனக்கு ரொம்ப நாள் இருந்தது. வளர்ந்து வடக்கே ஒரு நகரத்துக்கு வேலைக்குப் போனாள், சுற்றுச்சூழல் சம்பந்தமான வேலை. நாலு மாமாவைப் பற்றிப் பிறகு அவள் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

3

அன்றைக்குத் தாரு லீவில் வந்திருந்தாள். வெயில் அடித்தது, இங்கே அதையே பேப்பரில் போடுவார்கள். கடற்கரை ஓரமாக ஓர் எளிய நடை. நடைக்குக் கிளம்புகிற இடம் கார் நிறுத்துகிற இடம்தான் என்பது அவர் கணக்கு; வழக்கமாக அங்கே சரளைக்கல் கிடக்கும், அதில் ஒன்றை எடுத்துக்கொள்வார். அன்றைக்குப் போன இடத்தில் புதிதாகத் தார் போட்டு வழவழவென்று வைத்திருந்தார்கள். அதனால் கடற்கரையில் இறங்கி ஒரு கூழாங்கல்லை எடுத்தார். பக்கத்திலேயே போர்டு. இந்தக் கடற்கரையிலிருந்து கல் எடுப்பது குற்றம், அபராதம் உண்டு என்று எழுதியிருந்தது.

தாரு போர்டைக் காட்டினாள். "அப்பா, எடுக்கக் கூடாது. ஆளுக்கு ஒண்ணு எடுத்தா கரையே போயிடும். திருப்பி வைங்க" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுக்கு அது வேலை, விளையாட்டு இல்லை.

"சரிங்க ஆபீசர்" என்று சல்யூட் அடித்து, குனிந்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

பாதி வழியில் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சி மிட்டாய் கொடுத்தேன். "காத்து பெசன்ட் நகர் மாதிரியே இருக்கு, உப்பு வாசனை மட்டும் கம்மி" என்றார். அப்புறம் என் மேல் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நான் நகரக்கூட இல்லை.

மார்கரெட் அவரைக் கீழே கிடத்தி நெஞ்சை அழுத்தினாள். ஹெலிகாப்டர் வந்தது. நாய்கள் குரைத்தன. தாருவை அவரோடு ஏற்றிக்கொண்டார்கள். என்னை வேறு வண்டியில் அழைத்துப் போவதற்காகக் கார் நிறுத்தம் வரை நடத்திக் கூட்டிவந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர் எனக்குப் பின்னால் வந்தார். நான் இரண்டு தடவை நின்றேன், அவரும் நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். அன்று ராத்திரி தாரு மாடியில் படுத்துக் கிடந்தாள். நான் அதைச் சமையலறை மேஜையில் பிரித்தேன். கண்ணாடி, வீட்டுச் சாவி, கைக்குட்டை, கடிகாரம், அவர் போட்டிருந்த கோட்டு. கோட்டின் பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்தேன். இஞ்சி மிட்டாய்க் காகிதம் மட்டும் இருந்தது. வேறு எதுவும் இல்லை. எதைத் தேடினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் மறுபடி பையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தேன். அந்தப் பையைத் தாரு பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வாள். சாப்பிட்டாயா, ஹீட்டர் வேலை செய்கிறதா, மருந்து இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம். லீவில் வந்தபோதெல்லாம் இன்னும் மெலிந்திருந்தாள். வேலை அதிகம் என்றாள். மரத்துப்போனவளுக்கு எதிரே இருப்பவள் எப்படி இருக்கிறாள் என்பது எங்கே தெரிகிறது?

4

வருஷத் திதியைச் சென்னையில் அவர் அக்கா வீட்டில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன், தாருவுக்கு அத்தை. மண்டவெளியில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருக்கும் முட்டி வலி, குடும்பச் சொத்து.

தாரு வருவதாகச் சொன்னதே எனக்கு ஆச்சரியம்தான். விசாவுக்கு விண்ணப்பம் போட்டபோது அப்பா பெயர், அப்பா பிறந்த ஊர், அவருடைய அப்பா பெயர் என்று வம்சாவளியே கேட்டிருக்கிறார்கள். மண்டவெளியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்க எனக்குப் போன் செய்தாள். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், பல் ஆஸ்பத்திரியில் சொல்வது போலவே. அந்த வருஷம் முழுவதும் அவர் பேச்சு எங்களுக்குள் வந்தது அந்த ஒரு தடவைதான். எழுதி முடித்ததும் எழுத்துகளை ஒரு தடவை திருப்பிப் படித்துக் காட்டினாள். அப்புறம் அவள், "தேங்க்ஸ் அம்மா" என்று வைத்துவிட்டாள்.

திதி நடந்தது. ஐயர் சொன்னதை எல்லாம் செய்தோம். வாழைக்காய், அவரைக்காய், பாயசம். காக்கை வந்து சாப்பிட்டது, அண்ணி அழுதார். நான் அழவில்லை. தாரு பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் சாயங்காலம் அண்ணிதான் சொன்னார். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா எப்படி? பீச்சுக்குப் போயிட்டு வரலாம். இப்ப பெசன்ட் நகர்ல, நடக்க முடியாதவங்களுக்குன்னு தண்ணி கிட்ட வரைக்கும் பாதை போட்டிருக்கான். மணல்ல கால் புதையாது. எனக்கே ஆசையா இருக்கு, கூட்டிட்டுப் போக ஆள் இல்ல."

கிளம்பினோம். அண்ணியோடு சேர்த்து மூன்று பேர்.

5

மெட்ரோ வேலை என்று மயிலாப்பூர் முழுவதும் பச்சைத் தகரம் அடைத்து வைத்திருக்கிறார்கள். நான் பிறந்த தெருவுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி வீட்டு வாசலிலேயே ஜல்லி கொட்டிக் கிடந்தது. ஆட்டோக்காரர் வண்டியை அதன் மேலேயே ஏற்றி நிறுத்தினார்.

"பெசன்ட் நகரா? சுத்திக்கினு தான்மா போவணும். ரோடு எங்க கீது, பள்ளம்தான் கீது" என்றார்.

ஏறப் போன அண்ணி நின்றார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து, கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு, ஜிப்பை மூடினார்.  எழுபது வருஷமாகச் செய்கிற காரியத்துக்கு எதற்கு விளக்கம்?

தாரு அதைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வழியெல்லாம் ஆட்டோவின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடையாறு பாலத்தில் ஆற்றைக் காட்டினேன், திரும்பவில்லை.

கடற்கரையில் நல்ல கூட்டம். பஜ்ஜி வாசனை, பலூன் சுடுகிற சத்தம், சோளம் சுடுகிற பொறி. மணலுக்குக் குறுக்கே அந்தப் பாதை தண்ணீரை நோக்கிப் போகிறது. சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரை அவர் மகன் தள்ளிக்கொண்டு போனார். குழந்தை வண்டி ஒன்று போனது. அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பெருமையாக நடந்தார். எங்கள் ஊர்க் கணக்கில் இது எளிது வகை. நான் பழக்க தோஷத்தில் அண்ணிக்குப் பின்னாலேயே, தாண்டாமல் நடந்தேன்.

பாதை முடிகிற இடத்தில் அண்ணி உட்கார்ந்தார். "இவ்வளோ கிட்ட வந்து பத்து வருஷம் இருக்கும்" என்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாரு நின்றுகொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் பேசியது ஆங்கிலத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, அத்தை கல் எடுத்தாங்க."

"ஆமா. மூணு பேர் இல்ல?"

"அன்னைக்கு நாம மூணு பேரு."

எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. 

"அப்பா எடுத்தாரு. திருப்பி வைக்கச் சொன்னது நான்" என்றாள். "எனக்கு அதுல நம்பிக்கை இல்லம்மா. ஆபீஸ்ல எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்கறவ நான். ஆனா தினமும் காலைல எழுந்ததும் அதான் ஞாபகம் வருது. அப்பா குனிஞ்சு அதை வெச்சாரு. நாலு மாமாவை நான் இறக்கி விட்டுட்டேன்."

கடைசி வார்த்தைகளில் நாலு மாமா மட்டும் தமிழ். முப்பது வயதுப் பெண், குழந்தை மாதிரி சொன்னாள். ஒரு வருஷம். ஒரு வருஷமாக இதைச் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னிடம் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

அது ஹார்ட் அட்டாக், ரத்தக்குழாய் அடைப்பு, டாக்டர் சொன்னாரே என்று சொல்லியிருக்கலாம். அதெல்லாம் அவளுக்குத் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் இப்படி ஆகியிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது.

"அவர் பையில கல்லு இருந்துச்சுடி" என்றேன்.

அவள் ஓர் அடி என் பக்கம் வந்தாள்.

"உங்கிட்ட சல்யூட் அடிச்சிட்டு, நீ அந்தப் பக்கம் திரும்பினதும் வேற ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டாரு போல. உங்கப்பாவப் பத்தித் தெரியாதா? யாரு பேச்சை என்னைக்குக் கேட்டாரு? ஆஸ்பத்திரில குடுத்த பைல கோட்டு இருந்துச்சில்ல, அதோட உள்பைல இருந்துச்சு. சின்னது. சாம்பல் கலர். நடுவுல வெள்ளையா ஒரு கோடு."

சொல்லச் சொல்ல அந்தக் கல் எனக்கே கண்ணில் தெரிந்தது. உள்ளங்கையில் அதன் வழவழப்பு தெரிந்தது. அவர் தாருவுக்குத் தெரியாமல் எனக்குக் கண்ணடித்துவிட்டுக் குனிவது தெரிந்தது. நடக்காத அந்தக் கண்ணடிப்பில்தான் எனக்கு அவர் போனது உறைத்தது. மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது எப்படி வலிக்கும், அப்படி வலித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு கூட்டத்தில், வாய்விட்டு அழுதேன். சுண்டல் விற்கிறவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்து போனார்.

தாரு என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் கல் இப்ப எங்க?"

இதை நான் யோசித்திருக்கவில்லை.

"எடுத்த இடத்துலயே திருப்பி வெச்சுட்டேன். எடுக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கில்ல?"

அவள் என்னை விலக்கி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய, அவர் சிரிக்கிற மாதிரியே தோளைக் குலுக்கிச் சிரித்தாள். "தேங்க்ஸ் அம்மா" என்றாள்.

6

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கைப்பையைத் திறந்து கல்லை வெளியே எடுத்தார். தாரு கையை நீட்டி அதை வாங்கினாள். வாசலில் ஜல்லிக் குவியலுக்குப் போய், எங்கேயோ ஓரத்தில் போடாமல், பார்த்துப் பார்த்து மேலே வைத்தாள். ராத்திரி மூன்று தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் தூங்கின பிறகு நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் வந்து நின்றார்.

"சுமதி, நெஜமாவே இருந்துச்சா?"

நான் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"சரி விடு. பால் காய்ச்சட்டுமா?" என்றார்.

திரும்பி வந்து சில வாரங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போகிறேன். மார்கரெட் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், இப்போது கஷ்டமாக இருக்கிறது என்று சொல்கிறேன். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுக்கிறாள். தாரு போனில் நிறையப் பேசுகிறாள். போன வாரம் அவர் மாதிரி குரல் மாற்றி, "கார் பக்கத்துலயே நின்னுட்டு வந்துடலாமே" என்று சொல்லிக் காட்டினாள், தமிழில்.

நான் பத்திரிகைக்கு ஏதோ எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவைப் பற்றியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கு ஒன்று அனுப்பு, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றாள். அனுப்புவேன். அவள் அதில் அவர் படத்தைப் பார்ப்பாள், பக்கத்தைத் தடவுவாள், மடித்து வைத்துக்கொள்வாள். படிக்கத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை வகுப்பை விட்டதற்காக நான் இத்தனை வருஷம் வருத்தப்பட்டிருக்கிறேன். இனி படமாட்டேன்.